பருந்து, வல்லூறு படமெடுக்க: கேள்வி பதில்

கே: வானத்தில் பறக்கும் பருந்து எப்போதும் கருப்பாகவே விழுகிறது. ஏன்?

வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1, தேவைப்பட்டால் +1.5 வரை ஏற்றுங்கள். செம்பருந்து மட்டும் தனி விஷயம். அதன் தலையும் மார்பும் வெள்ளை, கரிய தண்ணீருக்கு மேல் தாழப் பறந்தால் -1 பக்கம் இறக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை வெளுத்துப்போய் இறகு ஒன்றுகூடத் தெரியாது, அதைப் பிறகு எடிட்டிங்கில் மீட்கவும் முடியாது. ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

கே: எந்த லென்ஸ் வாங்கலாம்?

குவிய நீளம் 400 மி.மீ. இருந்தால் தொடங்கலாம்.

கே: நான் எடுத்த பழுப்புப் பறவை கரும்பருந்துதானே? வால் வட்டமாக இருக்கிறது.

அந்த வாலே சொல்லிவிட்டதே, அது இளம் செம்பருந்து. கரும்பருந்தின் வால் பிளவுபட்டிருக்கும்.

கே: கோழிக்கழிவு வீசினால் பருந்துகள் கிட்டே வருகின்றன. தவறா?

தவறுதான். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுகளிலிருந்து கோழித்தோல் வீசியே செம்பருந்துகளைப் பழக்கிவிட்டார்கள். படம் கிடைக்கும், ஆனால் அது வேட்டை இல்லை. மனிதக் கையை நம்பும் பறவைக்கு அந்தக் கையே ஆபத்தாகவும் முடியலாம்.

கே: அப்படியென்றால் மீன்பிடித் துறைமுகத்தில் எடுப்பதும் தவறா? அங்கேயும் கழிவுதானே?

நல்ல கேள்வி, இதில் நான் பிடிவாதக்காரன். மீனவர்கள் உங்களுக்காக வீசுவதில்லை. நீங்கள் வராவிட்டாலும் மீன் அறுப்பார்கள், பருந்தும் வரும், அதை ஓரமாக நின்று எடுப்பதில் தவறில்லை. காசு கொடுத்து வீசச் சொன்னால் அது வேறு கதை.

கே: 400 போதுமா, 600 வேண்டுமா?

லென்ஸ் கேள்விக்கு மேலேயே பதில் இருக்கிறது.

கே: வல்லூறு கூடு ஒன்று தெரியும், எப்படி எடுப்பது?

எடுக்காதீர்கள். நீங்கள் நிற்கும் நேரத்தில் தாய் எழுந்து போனால் முட்டையைக் காக்கை கொண்டுபோகும். இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கே: எடிட்டிங்கில் வானமெல்லாம் புள்ளிபுள்ளியாகிறது.

படம் முழுக்க ஷார்ப்பனிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) ஏற்றுகிறீர்கள். முதலில் நாய்ஸைக் (அந்தப் புள்ளிகளை) குறையுங்கள், ஷார்ப்பனிங் கடைசியில், அதுவும் பறவையை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகத் தேர்ந்தெடுத்து).

கே: மரத்தில் உட்கார்ந்த பறவை கிளம்பும்போது எப்போதும் முதுகுதான் கிடைக்கிறது.

காற்றைப் பாருங்கள். பெரிய பருந்துகள் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படும்படி நின்றால் முகம் உங்கள் பக்கம் வரும். அப்புறம் பொறுமை: அது எச்சமிட்டால் விரலை ஷட்டரில் வையுங்கள், பல நேரம் அடுத்து கிளம்பிவிடும்.