22 மாணவர்கள், ஒரே ஒரு கிட்

வணக்கம் ஐயா. ரோபோட்டிக்ஸ் அணிக்கு 22 மாணவர்கள் பெயர் கொடுத்திருக்க, பள்ளியிலோ ஒரே ஒரு ஆர்டுயினோ கிட்தான் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையும் உதிரிபாகங்களும் கொண்ட தொகுப்பு) இருப்பதால், தேர்வு வைத்து ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் போட்டியிலேயே ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம். இரண்டரை நிமிட ரோபோ ஆட்டத்துடன் ரோபோவின் வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், குழுப் பண்பு ஆகியவையும் அங்கே மதிப்பிடப்படுகின்றன. எனவே மூன்று அணிகளாகப் பிரித்து, ஓர் அணி கிட்டைக் கையாளும் வாரத்தில் மற்ற அணிகள் அட்டையில் வண்டியின் உடலை வடிவமைக்கட்டும்.

முதல் வேலையாக, இரண்டு அகச்சிவப்பு உணரிகளைக் கொண்டு கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டியைச் செய்யச் சொல்லுங்கள். பலரும் இடறுவது மின்கலத்தில்தான். சதுர வடிவ 9 வோல்ட் மின்கலத்தால் மோட்டார்களுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தர இயலாது. மோட்டார்களுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகையும் ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும். இது தெரியாமல், வண்டி நகராததற்கு நிரலே காரணம் என்று எண்ணி ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான். தொடராக இணைத்த, சார்ஜ் செய்யக்கூடிய உருளை வடிவ 18650 வகை லித்தியம் மின்கலங்கள் இரண்டு போதும்; ஆனால் அவற்றை உங்கள் கண்காணிப்பில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள்.

அருகிலுள்ள பள்ளி ஏதேனும் ஒன்றில் அடல் டிங்கரிங் ஆய்வகம் (மாணவர்கள் கருவிகளைச் செய்து பழக மத்திய அரசுத் திட்டத்தில் அமைக்கப்படும் பள்ளி ஆய்வகம்) இருந்தால், சனிக்கிழமைகளில் பயன்படுத்த அனுமதி கேட்டுத் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் எழுதிப் பாருங்கள்.