ரெண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்த கினி பிக்: கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டை. பொண்ணு ரொம்ப நாளாகக் கேட்கிறாளே என்று கார்த்திகை மாதம் ஒரு கடையில் 2 கினி பிக் (முயல் மாதிரி கூண்டில் வளர்க்கிற சின்னப் பிராணி) வாங்கினோம். ரெண்டுமே பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போன மாதம் ஒன்று 3 குட்டி போட்டது. மறுநாளே ஆணைத் தனிக் கூண்டில் போட்டுவிட்டோம், ராத்திரி முழுக்கக் கத்துகிறான். பக்கத்தில் இருக்கும் டாக்டர் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம், முந்தின நாள் ராத்திரியிலிருந்து தீனி, தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள் என்கிறார். செலவு செய்யலாமா? செய்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது? கடைக்காரரிடம் பணம் கேட்க முடியுமா?

பதில்: முதலில் அந்த டாக்டரிடம் நாள் குறிக்காதீர்கள். பட்டினி போடச் சொன்னது நாய், பூனைக்குச் சொல்வது. மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாதே என்று அதுகளுக்குத் தீனியை நிறுத்துவார்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்கவே முடியாது, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு ராத்திரி வயிறு காய்ந்தாலே குடல் நின்றுபோய், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பிராணி செத்துப்போகிற நிலைமை வரும். அவர் நல்ல டாக்டராகவே இருக்கலாம், ஆனால் கினி பிக் அதிகம் பார்த்தவராகத் தெரியவில்லை. இந்த ஆபரேஷனில் நீங்கள் பணம் கொடுப்பதே அந்த அனுபவத்துக்குத்தான்.

அதைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது. குட்டிகளைப் புரட்டிப் பார்த்து ஆண் எது, பெண் எது என்று டாக்டரிடம் காட்டி இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஆண் குட்டி 3 வாரம் ஆனதும் தாயிடமிருந்து பிரிய வேண்டும், உங்கள் குட்டிகள் அதைத் தாண்டியிருக்கும். தாய் மறுபடியும் சினையாக இருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே அது திரும்பப் பருவத்துக்கு வந்துவிடும், நீங்கள் பிரித்தது மறுநாள். சினைக்காலம் 59 முதல் 72 நாள். நாளைக் கணக்கு வைத்துக்கொண்டு, தாய்க்குப் புல்லும் கொய்யாவும் கொத்தமல்லியும் தாராளமாகக் கொடுங்கள்.

சரி, ஆபரேஷன் தேவையா? ஆணைப் பெண்களோடு ஒரே கூண்டில் வைக்க ஆசைப்பட்டால் தேவை. நாற்றம் போகும், குணம் மாறும் என்று யாராவது சொன்னால் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு: 3 குட்டியில் ஒன்று ஆணாக இருந்தால் அப்பனையும் பிள்ளையையும் பெண்கள் இல்லாத இன்னொரு அறையில் சேர்த்து வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துப்போகும். கினி பிக் கூட்டமாக வாழ்கிற பிராணி, ராத்திரி கத்துவதும் தனியாகக் கிடப்பதால்தான். ஆண் குட்டி இல்லை என்றால் ஆபரேஷனை நான் தைரியமாகச் செய்யச் சொல்வேன்.

உங்கள் வீட்டிலிருந்து வேப்பேரி பக்கம்தான். 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். தனியார் என்றால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: இதுவரை எத்தனை கினி பிக்குக்குச் செய்திருக்கிறீர்கள், மயக்கம் கேஸ் மூலமா ஊசியா, முன்னாடி பட்டினி போட வேண்டுமா (வேண்டாம் என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேசுங்கள்), வயிற்றிலிருந்து விரைக்குப் போகும் வழியை எப்படி அடைப்பீர்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கினி பிக்குக்கு அந்த வழி ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும், அடைக்காமல் விட்டால் குடல் இறங்கிவிடும். அப்புறம் ரேட்டைத் தனித்தனியாகக் கேட்காமல், மயக்க மருந்து, வலி மருந்து, திரும்ப வந்து காட்டுவது, புண் சீழ் பிடித்தால் அதைச் சுத்தம் செய்வது எல்லாம் அடக்கமாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சீழ் பிடிப்பது இந்தப் பிராணியில் சகஜம், அந்தச் செலவுதான் பின்னால் வந்து நிற்கும்.

மருந்துச் சீட்டை வாங்கியதும் படித்துப் பாருங்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் இதில் எதுவும் வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது, குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். வீட்டில் இருக்கிற மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

ஆபரேஷன் அன்று காலை வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், கூடையில் புல்லும் கொத்தமல்லியும் கூடவே போகட்டும், கண் விழித்ததும் வாய் வைக்க ஏதாவது இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய காட்டன் வேட்டியை மடித்துப் போட்டு தினம் ரெண்டு தடவை மாற்றுங்கள். மரத்தூள் புண்ணில் ஒட்டித்தான் எங்கள் வீட்டு ஆணுக்குச் சீழ் பிடித்தது, யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நம்ம ஊர் ஈ புண்ணில் முட்டை வைக்கும், கூண்டு மேல் கொசுவலை போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால் ஃபேன் உள்ள, வெயில் படாத மூலையில் தரையில் வையுங்கள். 27 டிகிரிக்கு மேலேயே இதற்குச் சிரமம் ஆரம்பித்துவிடும்.

அன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும், புழுக்கை போட வேண்டும். ரெண்டும் இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் தீவனத்தைக் கரைத்து, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் முறையை ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் கற்றுக்கொண்டால் அந்த ராத்திரி பதற வேண்டாம். சமையலறைத் தராசில் 2 வாரம் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள், தெம்பாகத் தெரிந்தாலும் எடை இறங்கினால் சாப்பாடு போதவில்லை. காயத்தைக் காலை, இரவு பாருங்கள். முதல் ரெண்டு மூன்று நாள் லேசான வீக்கம் இருக்கும், அதற்குப் பிறகு சிவப்போ நாற்றமோ கட்டியோ இருக்கக் கூடாது. குளிப்பாட்ட வேண்டாம்.

இன்னொன்று, ஆபரேஷன் ஆன உடனே பெண்களோடு விட்டுவிடாதீர்கள். 6 வாரம் வரை அவனால் சினைப்படுத்த முடியும். அதுவரை கம்பி வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், மோப்பம் பிடித்துப் பேசிக்கொள்ளும்.

கடைக்காரர் விஷயம்: பில் இருந்தால் எழுதிக் கேளுங்கள். பில்லே தரவில்லை என்றால், அப்படிப் பில் கொடுக்க மறுப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஜிபே, போன்பே ரசீது, வாட்ஸாப்பில் 'ரெண்டும் பெண்' என்று அவர் எழுதியது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதியலாம். அதிலும் வழிக்கு வரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, 2 வருஷத்துக்குள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 2018 விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டாலே சில கடைகள் பேச்சை மாற்றிவிடும்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி 10 நாள், நன்றாகச் சாப்பிடுகிறான். காயத்துக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு கெட்டியாக இருக்கிறது. தானாகக் கரையுமா? (ராயபுரம்)

பதில்: கரையும் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே காட்டுங்கள். கினி பிக் சீழ் தயிர்க்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும், தானாக வடியாது, டாக்டர் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் அமுக்கிப் பார்ப்பதும் மஞ்சள் அப்புவதும் வேண்டாம். சாப்பிடுவதால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள், இந்தப் பிராணி வலியைக் கடைசிவரை மறைக்கும்.

கேள்வி: எங்கள் 2 ஆணும் சண்டை போடுகின்றன. ஆபரேஷன் செய்தால் அடங்குமா? (பெரம்பூர்)

பதில்: அடங்காது. அந்தப் பணத்தில் பெரிய கூண்டு வாங்குங்கள், தண்ணீர் பாட்டில், தீனித் தட்டு, ஒளிந்துகொள்ளும் அட்டைப்பெட்டி எல்லாம் ரெண்டு ரெண்டாக வையுங்கள். ரத்தம் வரும் அளவுக்குக் கடித்தால் நடுவில் வலை போட்டுப் பிரித்துவிடுங்கள்.