கேமராவை மறைக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

என் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வேலை டெல்லியில். அங்கே இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். அலுவலகம் போகும் வழியில் மெட்ரோ நிலைய வாசலில் அரை மணி நேரம் நின்று, வேலைக்குப் போகிறவர்களைப் படமெடுத்துப் பழகுகிறேன். சால்வையும் கம்பளிக் குல்லாவுமாக மூடுபனிக்குள்ளிருந்து மனிதர்கள் வெளிப்படுவதைப் பார்த்தால் கை பரபரக்கிறது. ஆனால் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் கூசிப்போகிறேன். அதனால் கேமராவை ஜாக்கெட்டுக்குள் வைத்து, இடுப்பளவிலேயே பிடித்து எடுக்கிறேன். ஏராளமான படங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன: பனி, சால்வை, முதுகு. நன்றாக வந்ததாகத் தோன்றுவதை அன்றிரவே இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். நண்பர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கு நிறைவில்லை.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்டேன். மாதக் கடைசி வரை இருப்பேன். நேற்றுக் காலை கடலூர் பேருந்து நிலையத்தில் கேமராவை எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு நடத்துநர் "எந்தப் பத்திரிகை தம்பி?" என்று கேட்டார். மீன்கூடையுடன் புதுச்சேரி வண்டிக்காக நின்றிருந்த ஓர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதைப் பழக யாரும் யாரையும் கவனிக்காத பெருநகரம்தான் சரியோ? கேட்காமல் ஒருவரைப் படமெடுப்பது தவறா? நீங்கள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பல ஆண்டுகள் வேலைக்குப் போய்வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பயணியாக இருந்த ஒருவரின் பதில் எனக்கு வேண்டும்.

— ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் கேமராவை மறைப்பதை நிறுத்துங்கள். படங்கள் ஒன்றுபோல இருப்பதற்கு அதுதான் காரணம். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுக்கிறவரின் கவனமெல்லாம் தன்மேல் யார் பார்வை விழுகிறது என்பதிலேயே இருக்கும். எதிரில் வருகிறவரின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க மனம் மிச்சமிருக்காது. அவர் கடந்துபோன பிறகே துணிச்சல் வரும். உங்களிடம் முதுகுகள் சேர்ந்தது அப்படித்தான்.

மறைத்து எடுத்தவர்களில் ஒரு மேதை உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில் பயணிகளை, மேல்கோட்டுக்குள் கேமராவை வைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் மட்டும் தெரியும்படி அமைத்து எடுத்தார். கோட்டு இல்லாமல் நடக்காது என்பதால் அது குளிர்கால வேலை. அவரைக் காட்டி நீங்கள் வாதாடலாம். ஆனால் அவர் அவர்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தார். எடுத்தவற்றை நெடுங்காலம் வெளியிடாமல் வைத்திருந்தார். அவை புத்தகமானது 1966-இல்தான். நீங்கள் காலையில் எடுத்ததை இரவில் உலகுக்குக் காட்டுகிறீர்கள். அவருடைய மறைவை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய பொறுமையை விட்டுவிடுவது நியாயமில்லை.

இனி, பயணியாகச் சொல்கிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். ஆல்பேட்டையைக் கடந்து பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் மார்கழியிலும் தையிலும் ஆறு தெரியாது, வெறும் வெள்ளை. பிறகு ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெரிந்த முகங்கள் ஏறும். பெயர் தெரியாது, ஆனால் இரண்டு நாள் காணவில்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று நினைக்கத் தோன்றும். கரணையையும் மட்டக்கோலையும் உரச்சாக்குப் பையில் சுற்றிக் காலடியில் வைத்திருக்கும் கொத்தனார்கள், நேரு வீதித் துணிக்கடைகளுக்குப் போகும் பெண்கள், ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். இவர்கள் ஸ்கேன் படம் இருக்கும் பெரிய உறையை மடங்காமல் மடியில் நிறுத்திப் பிடித்திருப்பார்கள். வண்டி குலுங்கும்போது தங்களைவிட அதைத்தான் முதலில் காப்பாற்றுவார்கள். அந்தக் கைகளை யாரும் ஒழுங்காகப் படமெடுத்து நான் பார்த்ததில்லை.

வேலைக்குப் போகும் கூட்டத்தின் தனித்தன்மை அது திரும்பத் திரும்ப வருவது. திருவிழாக் கூட்டம் ஒருநாள் கூடிக் கலைந்துவிடும். இவர்கள் நாளையும் அதே நேரத்தில் அதே கம்பத்தருகே நிற்பார்கள். ஆகவே இன்று ஒரு படத்தைத் தவறவிட்டால் பதற வேண்டியதில்லை. பிடித்துவிட வேண்டும் என்ற வேட்டைப் புத்திக்கு இங்கே வேலையே இல்லை. டெல்லியிலும் இதுவே உண்மை. நீங்கள் நிற்கும் மெட்ரோ வாசலில் காலை எட்டேகாலுக்கு வெளியே வருகிறவர்களில் பலர் நேற்றும் அதே நேரத்துக்கு வந்தவர்கள்தான். ஒளிந்து நின்றதால் உங்களுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை, அவர்களுக்கும் உங்களைத் தெரியவில்லை.

எனவே கடலூரில் உங்களைக் கவனிக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. அந்த நடத்துநரின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். "பத்திரிகை இல்லை அண்ணா. இந்த ஊர்தான், இன்ன தெரு. காலையில் வேலைக்குப் போகிறவர்களைப் படமெடுத்துப் பழகுகிறேன்." இவ்வளவு போதும். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதல் நாள் எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். அன்று படமே எடுக்காமல் டீ குடித்துவிட்டு வாருங்கள். சில நாட்களில் நீங்களும் அந்த இடத்தின் ஆட்களில் ஒருவர் ஆகிவிடுவீர்கள். அதன்பின் யாரும் கேமராவுக்காக முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

தெருப் புகைப்படம் என்றாலே எல்லோரும் சொல்லும் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தவர். யார் கண்ணிலும் படாமல் நடமாடியதாகப் பெயர் வாங்கியவர். அவர் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். பல ஆண்டுகளாக யாரையும் படமெடுக்க விடாதிருந்த அரவிந்தரைப் படமெடுக்க அனுமதி கேட்டு, பெற்று, எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். இன்று நமக்கு அந்த முதிய முகம் தெரிகிறது என்றால், மறைந்திருந்து எடுக்கத் தெரிந்த ஒருவர் அன்று நேரே போய்க் கேட்டதால்தான். கேட்டு எடுத்த படம் உயிரில்லாமல் போகும் என்று யாராவது சொன்னால் இந்தப் படங்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெல்லியில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து சுமார் 38 பாகைதான் ஏறுகிறது. அதனால் பனி விலகும் நாட்களில் பகல் முழுக்க உங்களுக்குச் சாய்ந்த ஒளி கிடைக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அதே நண்பகலில் 55 பாகை. கண்ணுக்குக் கீழே கருநிழல் விழத் தொடங்கிவிடும். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை மணியளவில் எழுகிறது. அதிலிருந்து எட்டரை வரைதான் உங்கள் நேரம். நல்ல வேளையாக, வேலைக்குப் போகிறவர்களின் நேரமும் அதுவே. இந்த மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் எழாமல் தெற்கே தள்ளி எழுகிறது. புதுச்சேரியில் கடலை நோக்கி ஓடும் தெருக்களில் ஒளி நெடுந்தூரம் உள்ளே வந்து, சைக்கிளில் போகிறவரின் நிழலை நான்கு வீடு தாண்டி நீட்டிவிடும்.

பேருந்துக்குள் இன்னொரு விஷயம். கடலூரிலிருந்து போகும்போது வண்டி வடக்கு நோக்கி ஓடுகிறது. காலை வெயில் வலப்பக்க ஜன்னல் வழியே, சற்றுப் பின்னாலிருந்து வரும். மாலையில் திரும்பும்போது தெற்கு நோக்கி ஓடுகிறது. மேற்கு வெயிலும் வலப்பக்கத்திலிருந்துதான், இம்முறை சற்று முன்னாலிருந்து. ஆக இரண்டு வேளையும் ஒளி நடைபாதையைத் தாண்டி இடப்பக்க இருக்கைகளில் விழுகிறது. காலையில் களைப்பு தெரியாத கன்னத்தில் மாலையில் களைப்பு தெரியும். ஒரே வண்டியில் ஒரே ஒளி இரண்டு விதமாகப் பேசுவதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பழகலாம்.

பனியை நம்பிப் படமெடுக்காதீர்கள். அது பின்னணியை அழித்துவிடும். மிஞ்சும் உருவம் டெல்லியிலும் இருக்கலாம், கடலூரிலும் இருக்கலாம். மப்ளர் சுற்றிய ஒருவருக்குப் பின்னால் ஊர்ப்பெயர்ப் பலகையோ தேர்தல் சுவரெழுத்தோ அரைகுறையாகவாவது தெரியட்டும். பனியின் வெண்மையை நம்பிக் கேமரா படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். 28 மில்லிமீட்டர் லென்ஸ், முழு ஃபிரேம் கேமரா என்றால், அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, f/8-இல் வைத்து ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கேமராவோடு போராடாமல் ஆளைப் பார்க்கலாம். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கடற்கரை ஈரத்தில் லென்ஸ் வியர்க்கும். டெல்லிக் குளிரிலிருந்து கதகதப்பான நிலையத்துக்குள் நுழையும்போது நடப்பதும் இதேதான். கேமராவைப் பையிலேயே சிறிது நேரம் விட்டுவைத்த பிறகு எடுங்கள்.

புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். செய்தித்தாள் படிப்பவர் தெளிவாக இருக்க, சுற்றிலும் கூட்டம் புகையாய் ஓடுகிறது. ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்ததால் வந்தது அது. கூட்டத்தின் அவசரமும் ஒருவரின் நிதானமும் ஒரே சட்டகத்தில் அமைந்துவிட்டன. கடலூர் பேருந்து நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு 1/15 வினாடியில் எடுத்துப் பழகுங்கள். முகங்கள் கலைந்துவிடுவதால் யாருடைய தனிமையும் குலையாது. கூச்சமுள்ளவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

இனி அந்த மீன்கார அம்மா. அவர் முகத்தை மூடியதே பதில். ஏன் என்று காரணம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி பேருந்து நிலையம் பொதுஇடம்தானே என்று நீங்கள் வாதிடலாம். நான் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, நாள் முழுக்கக் கடையில் நின்றபடி வேலை பார்க்கப் போகும் ஒரு பெண்ணுக்கு, நடுவில் உட்காரக் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் சொந்தம். பல நாட்கள் அந்த இருக்கையில் நானும் கண்ணை மூடியிருக்கிறேன். அந்த நிலையில் என் முகத்தை ஒரு அந்நியர் எடுத்து, மாலைக்குள் என் உறவினரின் தொலைபேசிக்கு அது வந்து சேர்ந்திருந்தால், மறுநாள் நான் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டேன். சில வீடுகளில் அந்தப் பெண்ணை வேலைக்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். தூங்குகிறவர்களை எடுக்காதீர்கள். அழுகிறவர்களையும் மருத்துவமனைக்குப் போகிறவர்களின் முகங்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். பிள்ளைகளை, கூட வந்திருப்பவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. மற்றவர்களைக் கேட்காமல் எடுக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் கேமரா அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று தலையசைக்க அவர்களுக்கு ஒரு கணம் கிடைக்க வேண்டும்.

எடுத்ததை இணையத்தில் போடுமுன் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதே ஆட்கள் அதே நேரத்தில் வருவார்கள் என்பதால் இது முடியும். வாங்கிப் பார்க்கும்போது அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். "நான் இப்படியா இருக்கிறேன்" என்பார்கள், "இதை வெளியே போடாதே" என்பார்கள், "என் பெண்ணையும் ஒன்று எடு" என்பார்கள். எந்தப் படத்தைக் காட்டலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பொங்கல் நாட்களில் போக வேண்டாம். அந்த வண்டிகளில் இருப்பவர்கள் கரும்பும் பையுமாக ஊருக்குப் போகிறவர்கள். காணும் பொங்கலன்று எல்லோரும் வெள்ளிக் கடற்கரையில் இருப்பார்கள். விடுமுறை முடிந்து கடைகளும் அலுவலகங்களும் திறக்கும் முதல் நாள் காலை ஆறரைக்குப் பேருந்து நிலையத்தில் இருங்கள். அந்த நடத்துநரைத் தேடி அவர் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் வண்டியிலேயே புதுச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். இடப்பக்க இருக்கைகள் தெரியும்படி பின்படியருகே நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா