பழைய இசுசு எல்ஃப் லொறியில் ஸ்டியரிங் ஆடுகிறது. எந்தப் பாகம் தேய்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேகம் மணிக்கு 45 கிலோமீற்றரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, கராஜில் “முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும்” என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள் தம்பி. காசைக் கொடுக்க முன்னம் ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நீங்களே கீழே படுத்துப் பாருங்கள். இப்படி ஒரு பேச்சை நம்பி ஒரு பெரும்போகத்து உழைப்பைக் கொட்டினவன் நான், அதனால்தான் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. வெல்லாவெளிப் பக்கம் நெல் ஏற்றி, பட்டிருப்புப் பாலத்தால் வந்து சம்மாந்துறை மில்களுக்குப் போடுவதுதான் தொழில். என்னுடையதும் எல்ஃப்தான், கைக்கு வரும்போதே பழசு. மார்கழி வெள்ளத்தில் பல நாள் தண்ணீருக்குள்ளால் ஓடினேன். மாசியில் அறுவடை தொடங்க, ஸ்டியரிங்கை நாலு விரல் அளவு திருப்பினால்தான் டயர் அசையும் என்ற நிலைமை வந்துவிட்டது.

முதல் கராஜில் டை ரொட் என்ட் இரண்டையும், அதாவது முன் சக்கரம் இரண்டையும் சேர்க்கும் கம்பியின் முனை மூட்டுகளை, மாற்றினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. அடுத்து வீல் எலைன்மென்ட், அதாவது சக்கரங்களை நேர்ப்படுத்தும் வேலை, செய்தார்கள். அதற்கும் அடங்காமல் போக, திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டியரிங் பெட்டிக்கு மேலே இருக்கும் ஆணியை இறுக்கிவிட்டார்கள். ஆட்டம் போய்விட்டது. எனக்கும் சந்தோசம், காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் முழு லோட்டோடு பட்டிருப்புச் சந்தியில் கல்முனைப் பக்கம் திருப்பினேன். எந்த வாகனமும் வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நேருக்கு வரும். அன்றைக்கு வரவில்லை. திருப்பின இடத்திலேயே நின்றது. எதிரே ஓர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினேன். ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் அப்படியே இருந்தேன். தேய்மானம் வேறெங்கோ இருக்க, அதை மறைக்கப் பெட்டியை இறுக்கினால் இதுதான் நடக்கும். பெட்டியில் கை வைப்பது கடைசி வேலை.

கல்முனையில் வயதான ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், நான் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவது. அவர் ஸ்பானர் எதையும் எடுக்கவில்லை. முதலில் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவினார், பிறகு வெளியிலிருந்து உள்ளே. “நீயும் தடவிப் பார் தம்பி” என்றார். ஒரு பக்கம் போகும்போது வழுவழுப்பு, திரும்பி வரும்போது அரிவாள் பல் மாதிரிக் கையைப் பிடித்தது. டயர் நேராக உருளாமல் உராய்ந்துகொண்டு ஓடியிருக்கிறது.

அப்புறம் பின் டயருக்குக் கட்டை போட்டு, முன் அச்சை ஜக்கில் தூக்கி, மரக்குற்றியை முட்டுக் கொடுத்தார். வெறும் ஜக்கை நம்பி யாரும் கீழே போகக்கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ‘டக், டக்’ என்று கேட்டது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன், அப்போதும் டக் டக். “பெயரிங் இல்ல தம்பி, கிங் பின்.” சக்கரம் உருள்வது பெயரிங்கில், இடம் வலம் திரும்புவது கிங் பின் என்ற தடித்த ஆணியில். பிரேக்கை மிதித்தால் பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுழலும் டிரம்மை இறுகப் பிடித்து, சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும். பெயரிங்கில் ஆட்டம் என்றால் அந்த நேரத்தில் அது தெரியாது. பிறகும் ஆடினால் கிங் பின். என் விரலைப் பிடித்து அச்சும் நக்கிளும் சேரும் இடைவெளியில் வைத்தார். அவர் டயரை ஆட்ட, விரலுக்கடியில் இரும்பு நகர்ந்தது.

கிங் பின்னைக் கழற்றினால் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது, கீழ்ப்பாதி முழுக்கச் செங்கறள். கீழ்க் கிறீஸ் துவாரம் அடைத்துக் கிடந்திருக்கிறது. நானும் இத்தனை காலம் லொறியை நிலத்தில் வைத்தே கிறீஸ் அடித்து வந்தேன். பாரம் உட்கார்ந்திருக்கும்போது கிறீஸ் சரியாக உள்ளே போகாது, அச்சைத் தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். பின்னைச் சுற்றி வரும் புது புஷ் இறக்கி, அதன் துளையை ரீமர் போட்டு அளவாக்கி, பெட்டியின் ஆணியைப் பழைய அளவுக்குத் தளர்த்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எலைன்மென்டுக்கு அனுப்பினார்.

டயரை இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போதுதான் ஆட்டம் என்றால் டை ரொட் பக்கம் தேடுங்கள். அதற்கு லொறி நிலத்தில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் போட்டு, துணைக்கு வந்தவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜொயின்டையும் கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்ந்தது எதுவோ அது கைக்குள் துள்ளும், கண்ணை விடக் கைக்கு முதலில் தெரியும். ஒரு பக்கம் இழுப்பதற்கு ஸ்பிரிங்கையும் பாருங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். அளவு வித்தியாசம் என்றால் ஸ்பிரிங்கை அச்சில் நிலைநிறுத்தும் சென்டர் போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருக்கலாம்.

“கிங் பின் எல்லா லொறியிலும் இல்லை” என்று யாராவது எழுதுவீர்கள். உண்மைதான், சில சின்ன லொறிகளுக்கு முன்னால் போல் ஜொயின்ட் என்ற உருண்டை மூட்டுத்தான், அதற்கு ஜக் வைக்கும் இடமே வேறு. நான் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் ஒரே முன் அச்சு உள்ளதைத்தான் சொல்கிறேன். மெக்கானிக் பிள்ளைகளைக் குறை சொல்லவும் இல்லை, காக்காவும் மெக்கானிக்தானே. “புது லொறி வாங்கலாமே” என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திப் பல வருடம் மூடியே வைத்திருந்தார்கள். அதற்குள் பழைய லொறியின் விலையே எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

விலை என்றதும் இதையும் சொல்லத்தான் வேண்டும். மில் வாசலில் இரண்டு இரவு லோட்டோடு நிறுத்தி வைக்கிறார்கள், காத்திருப்புக்கு ஒரு சதம் இல்லை. அந்த இரண்டு நாளும் பாரம் முழுக்க ஸ்பிரிங்கில்தான் நிற்கிறது. ஸ்பிரிங் தகடு முறிந்தால் செலவு லொறிக்காரனுக்கு. நெல்லுக்கு விலை பேசும் யாரும் இதைப் பேசுவதில்லை.

சரி தம்பி, பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்குகிறதா, ஓடும்போதும் நடுங்குகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. பிரேக்கில் மட்டும் என்றால் முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஓடும்போதும் என்றால் மேலே சொன்ன மாதிரித் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் மிதித்தபோது சத்தம் நின்றதா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.