துவக்குக்கும் கட்டாயக் காப்புறுதியா?

கேள்வி: கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் துவக்கு வைத்திருப்போர் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று அங்கு வசிக்கும் என் மகள் சொல்கிறாள். இதனால் துப்பாக்கிச் சூடுகள் குறையுமா? இலங்கைக்கும் இப்படியொரு சட்டம் தேவையல்லவா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள் சொல்வது உண்மை. 2021 மே மாதம் சான் ஹோசே ரயில் பணிமனையில் ஊழியர் ஒருவர் தம்மோடு வேலை செய்த 9 பேரைச் சுட்டுக் கொன்றதன் பின்னர், அந்நகர சபை 2022இல் இச்சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதலாவது. ஆனால் சட்டம் கோருவது, துவக்கு தற்செயலாக வெடித்து நேரும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான காப்புறுதியைத்தான். வேண்டுமென்றே செய்த குற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், சட்டம் முன்பே இருந்திருந்தாலும் அந்த 9 குடும்பங்களுக்கும் அதனால் இழப்பீடு கிடைத்திராது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். அவற்றையும் இது தொடாது.

துவக்கு வைத்திருக்க அமெரிக்க அரசியலமைப்பு தந்த உரிமைக்குக் கட்டணம் விதிக்கலாமா, வசதியற்றவர் என்ன செய்வார் என்று எதிர்ப்பவர்கள் கேட்பதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆயுதத்தோடு வெளியே செல்வோருக்கு நியூ ஜேர்சி மாநிலம் விதித்த காப்புறுதி நிபந்தனையை 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இடைநிறுத்தியது. ஆனாலும், பிறருடைய கவனக்குறைவால் காலை இழந்த ஒருவர் வைத்தியச் செலவுக்குக் கடன்படுவது அதைவிடப் பெரிய அநீதி என்றே கருதுகிறேன். வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதும் வீதியில் அடிபட்டவரை நினைத்துத்தான்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது உரிமையன்று. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெறும் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காப்புறுதியைக் கட்டாயமாக்கினால் அது பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க அனுமதி பெற்ற விவசாயியைச் சேரும். கொழும்பில் கூலிக்குச் சுடுபவனையோ, காட்டோரத்தில் கட்டுத்துவக்கு (விலங்கு தட்டினால் தானே வெடிக்கும் பொறித் துவக்கு) வைத்துவிட்டுப் போனவனையோ சேராது. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு இந்தியாவில் 2 இலட்சம் ரூபாய் வழங்கும் அரச திட்டம் உண்டு. அனுமதிப்பத்திரக் கட்டணத்தோடு அரசும் பணமிட்டு அத்தகைய நிதியமொன்றை இங்கு அமைத்தால், சுட்டவர் யாரென்று தெரியாத வேளையிலும் காயப்பட்டவருக்கு உதவி கிடைக்கும். அமெரிக்கச் சட்டத்தைப் பிரதி செய்வதைவிட அதைத்தான் நாம் பாராளுமன்றத்திடம் கேட்க வேண்டும்.