பழைய முதிரை மர வாசல் நிலையில் செய்த கல்யாண மோதிரம் வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: அண்ணா, நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். போன ஆவணியில் எங்களுக்கு எழுத்து (கல்யாணப் பதிவு) நடந்தது. அப்பப்பாவின் பழைய வீட்டு முதிரை மர வாசல் நிலையில் மிஞ்சியிருந்த ஒரு துண்டைத் தெரிந்த தச்சரிடம் கொடுத்து, இரண்டு மோதிரம் செய்வித்து மாற்றிக்கொண்டோம். இவருடைய மோதிரத்துக்கு உள்ளே வெள்ளிப் பூண் இருக்கிறது. என்னுடையது தனி மரம். இப்போது என் மோதிரத்தில் வெள்ளையாக ஒரு படலம் வந்திருக்கிறது, ஒரு இடத்தில் மயிர் போல வெடிப்பும் தெரிகிறது. மார்கழியில் லூசாக இருந்த மோதிரம் பங்குனியில் கழற்றவே கஷ்டமாகிவிட்டது. மாமி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறா, தம்பி சூப்பர் குளூ விடச் சொல்கிறான். கல்யாண மோதிரத்தைக் கழற்றக் கூடாது என்று நான் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. எப்படியாவது இதைக் காப்பாற்ற வேண்டும்.

பதில்: தங்கச்சி, வெடிப்பு மயிரளவில் இருக்கும்போதே கேட்டது நல்லது. நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். இறுகியிருந்தால் திருகி இழுக்க வேண்டாம், திருகும்போதுதான் மயிர்க்கோடு முழு வெடிப்பாகும். கையைத் தலைக்கு மேலே ஐந்து நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள். விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, மோதிரத்தை நேராக, மெல்ல மெல்ல நகர்த்துங்கள்.

கழற்றியதும் அதை ஒரு வெள்ளைக் கடதாசியில் படுக்கவைத்து, வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள். மரத்தின் நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரியும். அந்த ஓட்டத்துக்கு நேராக, துளையின் நடுவால் போகும்படி ஒரு ஈர்க்கை மோதிரத்தின் மேல் வையுங்கள். ஈர்க்கு மோதிரத்தைக் கடக்கும் இரண்டு இடங்கள்தான் அதன் பலவீனமான இடங்கள். விறகு கொத்தியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: நார் போகும் வழியேதான் மரம் பிளக்கும். மோதிரத்தின் இரு பக்கங்களிலும் நார் வளையத்தோடு சேர்ந்து ஓடுவதால் அங்கே பலம் இருக்கிறது. ஈர்க்கு கடக்கும் இடங்களில் நார் வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே மோதிரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமான குட்டை நார் மட்டும். உங்கள் வெடிப்பு அநேகமாக அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். நேர் எதிரே உள்ள மற்ற இடத்தையும் ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது கோடு அங்கே தொடங்கியிருக்கக்கூடும்.

(கொப்பைக் குறுக்கே அறுத்து நடுவில் துளை போட்ட மோதிரமென்றால் நிலைமை இன்னும் மோசம். அதில் எந்த இடத்திலும் நார் வளையத்தோடு ஓடாது. நான் தொழில் பழகிய காலத்தில் முதலில் செய்த மோதிரம் அப்படிப்பட்டதுதான், ஒரு மாதத்தில் இரண்டாகப் போனது.)

அடுத்தது, மார்கழியில் லூசாகவும் பங்குனியில் இறுக்கமாகவும் இருந்தது பற்றி. மாரியில் மரம் ஊதும், அதனால் துளை இறுகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. மரம் ஊதும்போது துளையும் சேர்ந்துதான் பெருக்கும். அதுவும் நாருக்குக் குறுக்கே மட்டும். நாரின் நீளப்பாட்டில் மரம் பெரிதாக அசையாது. ஆகவே மாரியில் உங்கள் மோதிரத்தின் துளை ஒரு பக்கமாகக் கொஞ்சம் விரிகிறது, கோடையில் அதே பக்கமாகச் சுருங்குகிறது. 17 மில்லிமீற்றர் துளையில் இந்த வித்தியாசம் கால் மில்லிமீற்றரைத் தாண்டாது, ஆனால் விரலுக்கு அது நன்றாகத் தெரியும். அதோடு கோடை வெக்கையில் விரலும் வீங்குகிறது. சுருங்கிய மரத்துக்குள் வீங்கிய விரல். உங்கள் மோதிரம் பங்குனியில் இறுகியதற்கு இதுதான் காரணம்.

வன்னியில் மரத்துக்கு இரண்டு வாழ்க்கை. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை ஈரம். பிறகு காய ஆரம்பித்து, சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மரத்தின் உள்ளீரத்தையும் காற்று உறிஞ்சிவிடும். மாரியில் இறுகிய கதவு கோடையில் கலகலப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்க எந்தப் பூச்சாலும் முடியாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். ஆறு மாதத்தில் மெல்ல நடக்கும் மாற்றத்தை முதிரை தாங்கும். நாற்பது வருடம் அப்பப்பாவின் வாசலில் நின்ற மரமென்றால் அதற்கு அது பழக்கம். முதிரையால் தாங்க முடியாதது ஒரே நாளில் பத்துத் தரம் நனைந்து பத்துத் தரம் காய்வது. காலையில் கிணற்றடியில் குளிப்பு, பிறகு சமையல், பாத்திரம், உடுப்புத் தோய்ப்பு, இடையில் அடுப்பு வெக்கை. உங்கள் மோதிரத்துக்கு நடந்தது அதுதான்.

வெள்ளைப் படலத்தைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. விரல் நுனியை நனைத்து அந்த இடத்தில் தொடுங்கள். வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், பூச்சு தேய்ந்து மரம் வெளியே தெரிகிறது. நம்முடைய கிணற்றுத் தண்ணீரின் உப்பும் அதில் படிந்திருக்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே பொருள். நனைத்தும் மறையாவிட்டால் பூச்சுக்கும் மரத்துக்கும் இடையில் தண்ணீர் புகுந்து பூச்சு கிளம்பியிருக்கிறது. எதுவானாலும் பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். மேலே மேலே பூசுவது வீண்.

மாமி சொன்ன தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அது ஒருநாளும் காயாத எண்ணெய். பூசிய அன்று மினுங்கும், பிறகு மரத்துக்குள் ஈரமாகவே கிடந்து தூசியைப் பிடிக்கும், சில மாதத்தில் சிக்கு நாற்றம் வரும். அதைவிட, எண்ணெய் ஊறிய வெடிப்பில் பசை ஒட்டாது. நல்லெண்ணெயும் சரிவராது, பிசுபிசுப்பாகவே நிற்கும். மரத்துக்கு வேண்டியது காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும் எண்ணெய். ஹார்ட்வெயார் கடையில் லின்சீட் ஒயில் என்று கேட்டால் தருவார்கள், ஆளி விதை எண்ணெய்தான் அது. 'பொயில்ட்' என்று எழுதிய போத்தலை வாங்குங்கள், அது ஒரு நாளில் காயும். பச்சை எண்ணெய் காயக் கிழமைக்கணக்காகும்.

தம்பி சொன்னது பாதி சரி. சூப்பர் குளூ வெடிப்புக்கு நல்ல மருந்து, ஆனால் ஈர மரத்தில் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும். மோதிரத்தை ஒரு கிழமை நிழலான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், அடுப்படிப் பறணிலும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் கோடு நீளும். காய்ந்த பிறகு 400 இலக்க சாண்ட் பேப்பரால் பழைய பூச்சை எடுங்கள், அந்தத் தூளை ஒரு கடதாசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் தரும், முதிரையில் வேலை செய்கிற தச்சர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செய்யுங்கள். மோதிரத்துக்கு அடியில் ஏற்கெனவே அரிப்பு இருந்திருந்தால் சவர்க்காரத்தை மட்டும் சந்தேகிக்க வேண்டாம், மரமே காரணமாக இருக்கலாம். அப்படியானால் உட்பக்கத்தை வெறும் மரமாக விடக் கூடாது.

சேர்த்த தூளை வெடிப்பின் மேல் வைத்து விரலால் அழுத்துங்கள். தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூவை, ஜெல்லி மாதிரி இருப்பதை அல்ல, ஒரு ஈர்க்கு நுனியில் தொட்டு, அந்தத் தூளின் மேல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அது உறிஞ்சிக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கலாம். முதலில் தூள் கறுக்கும், பிறகு கோடு மறையும். எதிரே உள்ள இடத்திலும் கோடு கண்டிருந்தால் அதற்கும் ஒரு சொட்டு. வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைக்கப் போக வேண்டாம். இந்தப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறி விரலைச் சுடும். ஒருநாள் விட்டுவிட்டு, 400, 600, கடைசியாக 1000 இலக்கத் தாளால் உரசுங்கள். முதிரைக்கு இருக்கும் அந்தப் பட்டு மினுக்கம், சாய்த்துப் பிடிக்கும்போது ஓடி விளையாடும் ஒளி, 600க்குப் பிறகுதான் திரும்ப வரும். அதுவரை மோதிரம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு லின்சீட் எண்ணெய். ஒரு சொட்டுப் போதும். உள்ளும் புறமும் விளிம்பும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மிச்சம் இல்லாமல் துடைத்தெடுங்கள். ஒருநாள் காயட்டும். இப்படி நாலு தரம். மாரியில் செய்வதென்றால் ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு கிழமை கழித்துத்தான் விரலில் போட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். என் பட்டறையில் ஒருமுறை பின்னேரம் போட்ட துணி, விடியும்போது மரத்தூளோடு சேர்ந்து புகைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டு, அப்புறம் எறியுங்கள்.

இதன்மேல் தேன்மெழுகு தேய்த்தால் இன்னும் நல்லது. வன்னிக் காட்டுத்தேன் கொண்டுவருபவர்களிடம் பிழிந்த தேன்வதையைக் கேட்டால் தருவார்கள். சுடுநீரில் போட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும், ஆறவிட்டால் தட்டாக எடுக்கலாம். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு லின்சீட் எண்ணெய் சேர்த்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் ஒரு பேணியை வைத்து உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. மாதம் ஒருக்கா அரிசியளவு எடுத்து மோதிரத்தில் தேய்த்து மினுக்கினால் போதும். கை கழுவும் தெறிப்பை இது தாங்கும், குளிப்பைத் தாங்காது.

கழற்றுவது சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனதில் இருப்பது எனக்கு விளங்குகிறது. அது அப்பப்பா குனிந்து நுழைந்த வாசலின் மரம், கழற்றி வைக்க மனம் வராது. ஆனால் கழற்றாமல் இருப்பதுதான் அதை உடைக்கிறது. தாலி வேறு, மோதிரம் வேறு. குளிக்கும்போது, தோய்க்கும்போது, திருவலையில் தேங்காய் திருவும்போது, வயலுக்குள் இறங்கும்போது கழற்றுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் முல்லைத்தீவுக் கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டால் அப்போதும். கைக்குத் தடவும் கிருமிநீக்கி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் இரண்டும் பூச்சைக் கரைக்கக்கூடியவை. வைப்பதற்கு ஒரு இடம் நிரந்தரமாக இருக்கட்டும். ஒரு சின்னப் பனையோலைக் குட்டானுக்குள் துணி விரித்து, கிணற்றடிக்குப் போகிற வழியில் கண்ணில் படும் உயரத்தில் மாட்டிவிடுங்கள். சாமியறை விளக்கடியில் வேண்டாம், அங்கே சூடு. தவறி நனைந்துவிட்டால் துடைத்துவிட்டு நிழலில் விடுங்கள். தலைமயிர் காயவைக்கும் யந்திரத்தைப் பிடிக்காதீர்கள்.

உங்கள் கணவருடைய மோதிரம் பத்திரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பலம் கூடியதுதான், ஆனால் அதற்கு வேறொரு கவலை இருக்கிறது. கோடையில் மரம் சுருங்கும், உள்ளிருக்கும் வெள்ளி சுருங்காது. விட்டுக்கொடுக்க இடமில்லாமல் மரம் இழுபட்டு வெடிக்கும். ஆகவே அவருடையதையும் சித்திரைக்கு முன்பு ஒருமுறை எண்ணெய் பூசி வையுங்கள். பூண் ஆடினால் நகை செய்பவரிடம் பற்றவைக்கக் கொடுக்க வேண்டாம், அந்தச் சூட்டில் மரம் கருகும். அரல்டைட் பசையால் ஒட்டச் சொல்லுங்கள்.

இனி, மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. கோடு மோதிரத் தடிப்பின் மறுபக்கம் வரை போய், நகத்தால் அழுத்தும்போது வாய் திறந்தால், பசை சில மாதம்தான் நிற்கும். அப்போது இரண்டு வழி. துளையைச் சற்றுக் குடைந்து, கணவருடையதைப் போலவே உள்ளே வெள்ளிப் பூண் போடலாம். அரை மில்லிமீற்றர் தகடு போட்டால் துளை ஒரு மில்லிமீற்றர் குறையும், அந்த அளவுக்குக் குடைய மரத்தில் தடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் விரும்பும் வழி: நிலையின் மிச்சத் துண்டிலிருந்து சீவுளியால் நீளமான ஒரு சீவல் எடுத்து, சுடுநீரில் ஊறவைத்து, விரல் அளவுள்ள ஒரு உருளையில் சுற்றிக் காயவிட்டு, பிறகு பசை தொட்டு இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிச் செய்யும் மோதிரம். அதில் நார் முழு வளையத்தையும் சுற்றி ஓடும். நான் சொன்ன அந்த இரண்டு பலவீனமான இடங்களே அதில் இல்லை. காலநிலைக்கும் அது அதிகம் அசையாது. முதிரையின் நார் பின்னிப்பின்னி ஓடுவதால் வளைக்கும்போது நாலைந்து சீவல் முறியும். நேர் நார் உள்ள பக்கமாகப் பார்த்து எடுக்கும் பொறுமையுள்ள தச்சர் வேண்டும். உடைந்த மோதிரத்தைத் தூளாக்கி, சீவல்களுக்கு இடையில் பசையோடு சேர்த்துவிடலாம்.

அதனால் அந்த நிலைத்துண்டில் ஒரு சாண் நீளமாவது மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். புதிதாக முதிரை தேடப் போக வேண்டாம், வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும், அதோடு அது அந்த வாசலின் மரமும் ஆகாது. துண்டு இருந்தால் விறகோடு கலந்துவிடாமல், கறையான் ஏறாமல் நிலத்தைவிட்டு உயர்த்தி, இரண்டு முனையிலும் மெழுகு தடவி, வீட்டுக்குள் வையுங்கள்.