சிரங்குக்கு மாத்திரையா, பூச்சு மருந்தா?

சிரங்குக்கு (ஸ்கேபீஸ்) மாத்திரை போட்டால் போதுமா, கிரீம் பூசியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேலை செய்யும். ஆனாலும் பெரும்பாலோருக்கு நான் முதலில் சொல்வது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம்தான். ஐவர்மெக்டின் மாத்திரை சிரங்குப் பூச்சியின் முட்டையைக் கொல்வதில்லை. அதனால்தான் கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் வீதம் ஒரு முறையும், 7 முதல் 14 நாள் கழித்து மறுமுறையும் கொடுக்கிறார்கள்.

கிரீம் பலிக்காமல் போவது பெரும்பாலும் பூசும் விதத்தால். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவுவது வீண்! கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தின் அடி, தொப்புள், பிறப்புறுப்பு என எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மீண்டும் பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

இப்படிப் பூச இயலாதவர்களுக்கு மாத்திரை பெரிய உதவி. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் கடுமையான வகைக்கு இரண்டும் சேர்ந்தே தேவை. மருத்துவரிடம் உடனே போங்கள்.

எதை எடுத்தாலும், அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். அதற்குப் பயந்து கிரீமைத் தினமும் பூசாதீர்கள்.